உரைகல்லுக்கு வெள்ளி தெரியும், காசு தெரியுமா?

ஜெயமங்கலத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். பரண் மேல் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் பழைய பட்டுச்சேலை, சேலைக்கு அடியில் ஒரு சுருக்குப் பை, பைக்குள் ஏழு ரூபாய்க் காசுகள். அப்பத்தாவுக்கு அவருடைய மாமியார் கொடுத்தது. பேரனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். வெள்ளி விலை எங்கேயோ போய்விட்டது என்று டிவியில் வேறு சொல்கிறார்கள். அப்பத்தா புளியும் சாம்பலும் போட்டு ஏழு காசையும் பளபளவென்று விளக்கி, முந்தானையில் முடிந்துகொண்டு, பெரியகுளத்துக்கு பஸ் ஏறுகிறார்.

கடையில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைக்காரர் முதலில் காந்தத்தை எடுக்கிறார். ஒரு காசு ஒட்டிக்கொள்கிறது. "பெரியம்மா, இது டூப்பு" என்று அதைத் தனியே தள்ளுகிறார். மிச்சம் ஆறு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் அரத்தால் ஓர் இழுப்பு, உரைகல்லில் ஒரு தேய்ப்பு, ஒரு சொட்டு ஆசிட். ஒன்றில் செம்பு தெரிகிறது. "இதுல கலப்படம் இருக்கு, பாதி விலைதான் வரும்." மற்ற ஐந்தும் "நல்ல வெள்ளி". தராசு, கால்குலேட்டர், கழிவு, பணம். மொத்தம் பத்து நிமிடம்!

இதில் கடைக்காரர் பொய் சொன்னாரா என்றால், இல்லை. உரைகல்லும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் ஏழு காசைப் பற்றியும் சரியான விடை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஏனென்றால் அங்கே கேட்கப்பட்ட கேள்வியே தப்பு. வெள்ளி உண்மையா என்பது ஒரு கேள்வி. காசு உண்மையா என்பது வேறொரு கேள்வி. நம்மூரில் முதல் கேள்விக்குச் சோதனை செய்துவிட்டு இரண்டாவது கேள்விக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள். அரத்தால் இழுத்த பிறகு இரண்டாவது கேள்வியைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லாமல் போய்விடுகிறது.

"வெள்ளி நல்ல வெள்ளியா இருந்தா காசும் நல்ல காசுதானே?" என்று கேட்பவர்களுக்கு 1893-ஆம் வருடத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் வெள்ளிக் கட்டியை அரசாங்க அக்கசாலைக்குக் கொண்டுபோய், ஒரு சிறு கூலி கொடுத்து, ரூபாயாக அடித்து வாங்கலாம். ரூபாய்க்கு என்ன மதிப்போ அதற்குள் இருக்கும் வெள்ளிக்கும் ஏறத்தாழ அதே மதிப்பு. உலகச் சந்தையில் வெள்ளி விலை விழுந்துகொண்டே போனதால், 1893 ஜூன் 26-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அந்தக் கதவை மூடியது. அதன் பிறகு ரூபாய் ஒரு விலைக்கும், அதற்குள் இருந்த வெள்ளி வேறு விலைக்கும் போக ஆரம்பித்தன. 1900 வாக்கில், ஒரு ரூபாய்க்குள் இருந்த வெள்ளி ரூபாயின் மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

கள்ளக்காசு அடிக்கிறவனின் இடத்தில் நின்று இதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஈயமும் பித்தளையும் கலந்து மாட்டிக்கொள்ள அவனுக்கு என்ன தலையெழுத்து? அரசாங்கம் போடுகிற அதே அளவு நல்ல வெள்ளியைப் போட்டு அடித்தாலே லாபம்தான். அப்படி அடித்த காசை எந்த உரைகல்லில் தேய்த்தாலும் "நல்ல வெள்ளி" என்றுதான் வரும். ஆக, முழு வெள்ளியில் கள்ளக்காசு என்பது நூறு வருடத்துக்கு முன்பே லாபம் தரக்கூடிய தொழில். இன்றைக்கும் கணக்கு அதேதான். ஓர் அபூர்வ வருடத்து ரூபாய் பல ஆயிரத்துக்குப் போகும் என்றால், போலி செய்கிறவன் வெள்ளியில் கஞ்சத்தனம் காட்ட மாட்டான். உலோகத்தைச் சோதிக்கும் சோதனை எதுவும் அவனைப் பிடிக்காது. இப்போது சில கடைகளில் வைத்திருக்கும் கேரட் மீட்டர் மெஷினும் இந்த விஷயத்தில் விலை கூடின உரைகல்தான். காயப்படுத்தாமல் சொல்கிறது என்ற ஒரு நல்லதைத் தவிர.

சரி, காசைப் பார்ப்பது எப்படி? இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு குட்டி டிஜிட்டல் தராசு (கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டுவது; வடுகபட்டிச் சந்தையில் பூண்டு நிறுக்கிற தராசு இதற்கு ஆகாது!), ஒரு லென்ஸ், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு முழம் நூல். இவ்வளவுதான்.

1835 முதல் 1939 வரை பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை மாறவே இல்லை. 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. விட்டம் 30 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நாட்டு வைத்தியத்தில் "ஒரு ரூபாய் எடை" என்று அளவு சொல்வது இந்தக் காசை வைத்துத்தான். காசே எடைக்கல்லாக இருந்த காலம் அது. கை மாறி மாறித் தேய்ந்த காசு 11.4, 11.3 என்று குறையலாம். ஆனால் முகமும் எழுத்தும் புத்தம் புதிதாக இருந்து, எடை மட்டும் 10.8 என்று காட்டினால் அந்தக் காசு சந்தேகத்துக்குரியது. எடை கூடினாலும் அப்படித்தான். காசு தேயும், வளராது.

எடை சரியாக இருந்தால் அடுத்தது தண்ணீர். டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். நல்ல ரூபாய் என்றால் தராசு 1.13 கிராம் பக்கம் காட்டும். அதே எடையுள்ள பித்தளைக் காசு 1.37 காட்டும். செம்பு-நிக்கல் 1.31. ஈயம் 1.03. ஒன்பதாம் வகுப்பில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு மறந்தோமே, அதேதான்! அரம் வேண்டாம், ஆசிட் வேண்டாம், காசின் மேல் ஒரு கீறல்கூட விழாது. ஆனாலும் இதைச் செய்யும் நகைக்கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கேட்டால் "நேரம் ஏது?" என்பார்கள்.

காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்பது உண்மை. செம்பும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது, ஈயமும் ஒட்டாது என்பதும் உண்மை. இரும்பில் போலி செய்யும் முட்டாளை மட்டும்தான் காந்தம் பிடிக்கும். தரையில் போட்டுச் சத்தம் கேட்பதும் பாதிக் கிணறுதான். மயிரிழை விரிசல் விட்ட நல்ல காசு மந்தமாக ஒலிக்கும். அதை வைத்துப் போலி என்று முடிவு கட்டினால் கட்டினவருக்குத்தான் நஷ்டம்.

இதெல்லாம்கூட உலோகத்தைப் பற்றிய சோதனைகள்தான். இனிமேல்தான் காசைப் படிக்கும் வேலை. விளிம்பில் இருக்கும் பல் வரிசை சீராக இருக்கிறதா, அல்லது நடுவில் சுற்றிலும் ஒரு கோடு ஓடுகிறதா? இரண்டு பாதியாக வார்த்து ஒட்டிய காசில் அந்தக் கோடு தெரியும். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, சோப்புக் கட்டியில் எழுதினதுபோல மழுங்கலாக இருக்கிறதா? லென்ஸில் பார்த்தால் முகத்தில் குண்டூசியால் குத்தினதுபோலச் சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றனவா? அச்சில் அடித்த காசில் அப்படி வராது, அச்சில் ஊற்றி வார்த்ததில் வரும்.

அதைவிட முக்கியம், காசு சொல்லும் சரித்திரம் காசுக்குள்ளேயே முரண்படாமல் இருக்கிறதா என்பது. இங்கேதான் அப்பத்தாவின் ஏழு காசுக்குத் திரும்ப வேண்டும்.

முதல் காசு 1840. ஒரு பக்கம் ராணியின் தலை, மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி பெயர். ராணியின் கழுத்து வெட்டில் டபிள்யூ. டபிள்யூ. என்று குட்டியாக இரண்டெழுத்து இருக்கும், வில்லியம் வையன் என்ற செதுக்குக் கலைஞரின் முத்திரை. 1840 என்று போட்டிருப்பதால் அந்த வருடம் அடித்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1862 வரை அதே வருடத்தைப் போட்டே அடித்துக்கொண்டிருந்தார்கள்! முந்தினதா பிந்தினதா என்பதை ராணியின் தலைக்கு மேல் எழுத்து தொடர்ந்து ஓடுகிறதா, இரண்டாகப் பிரிந்து நிற்கிறதா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். தொடர்ந்து ஓடுவது முந்தினது.

இரண்டாவது 1862. இப்போது கம்பெனி போய்விட்டது, வெறும் இந்தியா. இதிலும் அதே கதைதான். பத்து வருடத்துக்கு மேல் 1862-ஐயே போட்டார்கள். பம்பாய் அக்கசாலை மட்டும் எந்த வருடம் என்று தனக்குத் தெரிவதற்காக மறைவாகப் புள்ளிகள் வைத்தது. எத்தனை புள்ளி, எங்கே புள்ளி என்பதை வைத்து இந்த ஒரே வருடத்துக் காசில் சாதாரணமும் உண்டு, அரிதும் உண்டு. அரம் முதலில் இழுப்பது ஓரத்தைத்தான், சில சமயம் புள்ளியும் சேர்ந்து போகும்.

மூன்றாவது 1901. இதில் விக்டோரியா ராணி அல்ல, சக்கரவர்த்தினி. 1877 முதல் காசில் பட்டம் மாறிவிட்டது. ஆகவே 1862 என்று வருடம் போட்டு எம்ப்ரஸ் என்று பட்டம் போட்ட ரூபாயோ, 1885 என்று போட்டுக் குயீன் என்று எழுதிய ரூபாயோ கையில் கிடைத்தால் உரைகல் தேவையே இல்லை. எத்தனை சுத்தமான வெள்ளியாக இருந்தாலும் அது போலி. இங்கிலீஷ் எழுத்து கூட்டிப் படிக்கத் தெரிந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

நான்காவது 1911, "பன்னி ரூபாய்". ஐந்தாம் ஜார்ஜின் மார்பில் தொங்கும் பதக்க மாலையில் ஒரு யானை உண்டு. செதுக்கினவர் தும்பிக்கையைக் குட்டையாக வைத்துவிட்டார், பார்க்கிறவர்களுக்குப் பன்றி மாதிரி தெரிந்தது. இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஆளுகிற அரசன் பன்றியை மாட்டிக்கொண்டு நிற்பதா என்று எதிர்ப்புக் கிளம்பவே காசை நிறுத்தி, புழக்கத்துக்குப் போகாமல் கிடந்ததை உருக்கிவிட்டார்கள். 1912 காசில் யானைக்குத் தும்பிக்கை நீண்டுவிட்டது. 1911 என்று வருடம் இருந்து யானைக்குத் தும்பிக்கை நீளமாக இருந்தால், யாரோ எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

ஐந்தாவது 1918. இங்கே எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "இந்தக் காசெல்லாம் கோடிக்கணக்கில் அடிச்சதுங்க, உருக்கினா என்ன குடி முழுகிப்போச்சு?" என்பார்கள். உண்மை. 1918-இல் மட்டும் பம்பாயும் கல்கத்தாவும் சேர்ந்து 40 கோடி ரூபாய்க்கு மேல் அடித்தன. முதல் உலகப்போர் நேரம், மக்கள் நோட்டை நீட்டி வெள்ளி கேட்கிறார்கள், அரசிடம் வெள்ளி இல்லை. அமெரிக்கா அந்த வருடம் பிட்மன் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, தன் கஜானாவில் கிடந்த வெள்ளி டாலர்களை உருக்கி விற்றது. உருக்கினது ஏறத்தாழ 27 கோடி டாலர். அதில் பெரும்பகுதி இந்தியாவுக்காக. ஆக, கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் 1918 ரூபாய்க்குள் அமெரிக்க டாலர் ஒளிந்திருக்கலாம்!

தேய்ந்துபோன 1918 ரூபாயை ஃபீஸ் கட்ட முடியாத குடும்பம் விற்பது குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு ரூபாய்க்குள் சுத்த வெள்ளி மட்டும் 10.69 கிராம். 2025-இன் தொடக்கத்தில் கிராம் 100 ரூபாய் பக்கம் இருந்த வெள்ளி, அந்த வருடம் முடிவதற்குள் 200-ஐத் தாண்டிவிட்டது. அந்த விலையில் ஒரு காசுக்கு உலோகமே 2,100 ரூபாய்க்கு மேல். சேகரிப்பவர்கள் சாதாரண வருடத்துக்குக் கொடுத்துவந்த விலையை உருக்கு விலை எட்டிப் பிடித்துவிட்டது. பயப்பட வேண்டியது இதற்குத்தான். வெள்ளி மலிவாக இருந்தவரை காசு பெட்டியில் சும்மா தூங்கியது. இப்போது சாதாரணக் காசும் அரிய காசும் ஒரே தட்டில் விழுந்து ஒரே மூசைக்குள் போகின்றன. விற்கட்டும், ஆனால் பார்த்துவிட்டு விற்கட்டும். பார்ப்பதற்கு முன்பே அரம் போடாதே என்பதுதான் சண்டை.

பள்ளத்தாக்குக்காரர்களின் பெட்டியில் ரூபாய் மட்டும்தான் இருக்கும் என்பதும் இல்லை. குமுளி ஏறினால் அந்தக் காலத்தில் திருவிதாங்கூர். அங்கே ஓடிய வெள்ளிச் சக்கரம் ஒன்றின் எடை அரை கிராம்கூடக் கிடையாது, மிளகைத் தட்டி வைத்தது மாதிரி இருக்கும். இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுத்தால் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். கையால் எண்ணி மாளாது என்று குழி போட்ட மரப்பலகையில் கொட்டி, குழி நிறைந்ததை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். ஏலக்காய் வேலைக்கு மலையேறிப் போனவர்கள் இறங்கும்போது இப்படி நாலு காசு முடிச்சில் வந்திருக்க எவ்வளவோ வாய்ப்பு உண்டு. அந்தக் காசை அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தால் மிச்சம் என்ன இருக்கும்? அதே மாதிரி, உருது மாதிரித் தெரியும் எழுத்தோடு தாமரைக் குறி போட்ட ஆற்காடு ரூபாய். அதில் ஹிஜ்ரி 1172 என்று இருக்கும், கிறிஸ்து கணக்கில் 1758-59. ஆனால் கம்பெனி அதே வருடத்தைப் பல பத்தாண்டுகள் அடித்துத் தள்ளியது. அதன் மேல் குட்டிக் குட்டி முத்திரைக் குத்துகள் இருந்தால் "யாரோ சேதப்படுத்தியிருக்கான்" என்று விலையைக் குறைப்பார்கள். அது அந்தக் காலத்துச் சராப்புகள் சோதித்துப் பார்த்துக் குத்தின அடையாளம். காசு பல கை கடந்து வந்ததற்குச் சாட்சி.

இந்தப் பகுதியில் கிடைத்ததிலேயே பெரிய உதாரணம் போடிநாயக்கனூர்க் குவியல். ஜெயமங்கலத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள். ராஜா முகம் இல்லை, ஒரு எழுத்து இல்லை, ஒழுங்கான வட்டம்கூட இல்லை. வெள்ளித் தகட்டைத் துண்டு போட்டுச் சூரியன், விலங்கு என்று குறிகளைக் குத்தினது. பின்பக்கத்தில் மீன் என்று சொல்லப்படும் ஒரு குறி. அதை வைத்துத்தான் இவை பாண்டியர் வெளியிட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட பாண்டிய நாட்டுப் பணம்! இந்தக் குவியல் இன்றைக்குக் கிடைத்து, கண்டெடுத்தவர் ஒரு கைப்பிடியை அள்ளிக் கடைக்குப் போயிருந்தால்? உரைகல் "நல்ல வெள்ளி" என்று சொல்லியிருக்கும். சொன்னது உண்மையாகவும் இருந்திருக்கும். சாயந்திரத்துக்குள் கொலுசு ஆகியிருக்கும்.

அரத்தின் மேலும் புளியின் மேலும் இவ்வளவு கோபம் எதற்கு என்றால், டி.டி. கோசாம்பி செய்த வேலையைப் பார்க்க வேண்டும். அவர் தொல்லியல்காரர் அல்ல, புனே பெர்குசன் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவர். ஆயிரக்கணக்கான முத்திரைக் காசுகளை ஒவ்வொன்றாக எடை போட்டார். அதிக காலம் புழங்கின காசு அதிகம் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானத்தைப் புள்ளியியல் கணக்கில் போட்டு எது முந்தினது, எது பிந்தினது என்று வரிசைப்படுத்தினார். எழுத்தே இல்லாத காசுக்கு எடைதான் எழுத்து. அரத்தால் ஓர் இழுப்பு, புளி சாம்பலில் ஒரு தேய்ப்பு என்றால் அந்த எழுத்தில் பாதி அழிந்தது. கருத்துப்போன காசை விளக்காமல் கருப்பாகவே வைத்திருங்கள் என்று சேகரிப்பவர்கள் சொல்வது அழுக்கு மேல் ஆசைப்பட்டு அல்ல.

ஆனால் சேகரிப்பவர்களும் யோக்கியம் கிடையாது. "போட்டோ அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்" என்கிறார்களே, போட்டோவில் எடை தெரியுமா? விளிம்பு தெரியுமா? ஒரு தராசு வாங்கி எடை பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு வரி சொன்னால் ஆகாதா? தெரிந்ததைத் தனக்குள் வைத்துக்கொண்டால் வாங்கும்போது லாபம், அவ்வளவுதான்.

யூடியூப்காரர்களைப் பற்றி அதிகம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். "உங்க வீட்ல இந்தக் காசு இருக்கா? பத்து லட்சம்!" என்று கத்துகிறார்கள். அவர்கள் காட்டும் 1818 ஒரு அணா, ராமர் பட்டாபிஷேகம் போட்டது, கம்பெனி அடித்ததே கிடையாது. 1616, 1717 என்று வருடம் போட்டதும் அப்படியே. அரிசியை இழுக்கும் காசு என்று ஒரு கூட்டம் இதை வைத்துத்தான் ரைஸ் புல்லிங் மோசடி செய்கிறது. இதில் ஒரு வேடிக்கை, கம்பெனி சாமி படமே போட்டதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1807-08 வாக்கில் சென்னையில் அடித்த வெள்ளி அரை வராகன், கால் வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு, சுற்றிலும் தமிழ் எழுத்தும் உண்டு! உண்மை இவ்வளவு அழகாக இருக்கும்போது எதற்கு இந்தப் பொய் அணா? பழைய காசு வாங்குகிறோம், கமிஷன் கட்டுங்கள் என்று தன் பெயரைப் போட்டு ஏமாற்றுகிறார்கள், நாங்கள் அந்த வேலையே செய்வதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. அதற்குப் பிறகும் கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கடைக்காரரையும் யூடியூப்காரரையும் திட்டிவிட்டு அரசாங்கத்தை விட்டுவிட்டால் அது நியாயம் ஆகாது. மண்ணுக்குள் புதையல் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இன்றும் 1878-ஆம் வருடத்து இந்தியப் புதையல் சட்டம்தான். பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. சரி, தெரிவித்தால்? அரசு அதை எடுத்துக்கொள்ள நினைத்தால், பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்பும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தால் போதும். அதாவது, பாண்டியன் காசுக்கும் பாத்திர வெள்ளிக்கும் சட்டம் காட்டும் வித்தியாசம் வெறும் 20 சதவீதம். கடைக்காரர் கையில் இருக்கும் அதே உரைகல்லைத்தான் சட்டமும் கையில் வைத்திருக்கிறது! ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, போலீஸுக்குப் பதில் சொல்லி, இருபது சதவீதம் கூட வாங்குவதா, அன்றைக்கே பெரியகுளம் பஸ் ஏறுவதா? கொடிக்காலில் மண்வெட்டி தட்டி ஒரு கலயம் கிடைக்கும் மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சட்டம் எழுதினவர்களுக்கும், அதை இன்றுவரை மாற்றாதவர்களுக்கும் தெரியாதா என்ன?

அப்பத்தாவின் பையில் இன்னும் இரண்டு காசு பாக்கி. "கலப்படம்" என்று பாதி விலைக்குப் போனது 1944. யாரும் கலப்படம் செய்யவில்லை, அரசாங்கமே அப்படித்தான் அடித்தது. இரண்டாம் உலகப்போரில் வெள்ளி பற்றாமல் 1940-லிருந்து ரூபாயில் வெள்ளியைப் பாதியாக்கினார்கள். 50 சதவீதம் வெள்ளி, 40 செம்பு, மிச்சம் நிக்கலும் துத்தநாகமும். கள்ளக்காசுக்குப் பயந்து விளிம்புப் பல்லின் நடுவே ஒரு பள்ளம் ஓடும்படி செய்தார்கள். தண்ணீர்ச் சோதனையில் இது 1.22 பக்கம் காட்டும். அந்தப் பள்ளமும் அந்த எண்ணும் இருந்தால் அது நூற்றுக்கு நூறு உண்மையான காசு. பழைய முழு வெள்ளி ரூபாய்களை அரசு திரும்ப வாங்க ஆரம்பித்ததும் அதே சமயத்தில்தான். கொடுக்க மனமில்லாத மாமியார்கள் சுருக்குப் பையில் போட்டுப் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தார்கள்.

காந்தத்தில் ஒட்டின ஏழாவது காசு 1947. அதில் வெள்ளி ஒரு துளியும் கிடையாது, எப்போதும் இருந்ததும் கிடையாது. சுத்த நிக்கல். நிக்கல் காந்தத்தில் ஒட்டும். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் நடந்து போகும் புலி. பிரிட்டிஷ் அரசன் முகத்தோடு வந்த கடைசி வருடத்து ரூபாய்.

கடைக்காரர் அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். பன்னி ரூபாயும், டபிள்யூ. டபிள்யூ.வும், புள்ளி வைத்த 1862-உம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூசைக்குக் காத்திருக்க, "டூப்பு"க் காசை முந்தானையில் முடிந்துகொண்டு அப்பத்தா ஜெயமங்கலத்துக்கு பஸ் ஏறுகிறார்.